அரபிகளுக்கு ஜனநாயகம் ஒத்துவராதா? யார் ஒத்துவர விட்டார்கள்?

நீளமான பதிவு. நேரம் உள்ளவர்கள் முழுவதும் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் படிக்காமலே கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போகாதீர்கள், அது எனக்குப் பிடிக்காது.

பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான்கு நாட்களாக ஒரு செய்தி சுற்றுகிறது. சாரம் இதுதான்: அரபு நாட்டுக்காரனுக்குச் சாட்டைதான் சரி, ஓட்டுப் பெட்டியைக் கொடுத்தால் அடித்துக்கொண்டு சாவான், அவன் ரத்தத்திலேயே ஜனநாயகம் கிடையாது. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். கைதட்டியவர்களில் சிலருக்கு வாக்குரிமைப் பாடத்தை நடத்தியவனே நான்தான்.

ரத்தத்தில் ஜனநாயகம் யாருக்கும் கிடையாது, ஐயா. ரத்தத்தில் சிவப்பணுவும் வெள்ளையணுவும்தான் உண்டு. ஜனநாயகம் கட்டப்படுவது. கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் வந்து சுவரை இடித்துவிட்டு, "பார், இவனுக்கு வீடு கட்டத் தெரியவில்லை" என்று ஊரைக் கூட்டினால் அவனை என்னவென்று சொல்வது? கடந்த நூற்றைம்பது ஆண்டு அரபு அரசியலில் நடந்தது பெரும்பாலும் இதுதான். வெறும் ஆவேசமாகச் சொல்லவில்லை. ஆண்டு, தேதியோடு சொல்கிறேன்.

எகிப்திலிருந்து தொடங்குவோம். சூயஸ் கால்வாய் வெட்டியதிலும் வேறு பல ஆடம்பரங்களிலும் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் ஐரோப்பிய வங்கிகளிடம் கழுத்தளவு கடன் வாங்கினார். 1875-இல் எகிப்தின் கால்வாய்ப் பங்குகளைப் பிரிட்டன் நாற்பது லட்சம் பவுனுக்கு வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே நாட்டின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்க ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடன் கொடுத்த செட்டியார் கடன்காரன் வீட்டு அடுப்படியில் அமர்ந்து எத்தனை படி அரிசி உலை வைக்கலாம் என்று சொல்வதைப் போல.

அந்த நிலையில்தான் எகிப்தியர்கள் ஒரு பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார்கள். 1881 டிசம்பர். அவர்கள் கேட்டது என்ன? கடனைத் தரமாட்டோம் என்றா? இல்லை. கடனுக்கென ஒதுக்கியது போக மிச்சம் இருக்கும் வரிப்பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவு செய்யும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். பட்ஜெட்டின் மிச்சத்தின் மீது ஓட்டு. அவ்வளவே. அதற்கு முன்னின்றவர் அகமது உராபி என்ற படைத்தளபதி. கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. துருக்கியப் பிரபுக்கள் நிறைந்த ராணுவத்தில் மேலே வந்தவர். "எகிப்து எகிப்தியருக்கே" என்பது அந்த இயக்கத்தின் முழக்கம்.

1882 ஜனவரியில் லண்டனும் பாரிசும் சேர்ந்து ஒரு மிரட்டல் குறிப்பை அனுப்பின. ஜூலை 11 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன. செப்டம்பர் 13 அன்று தெல் அல்-கபீரில் உராபியின் படை முறியடிக்கப்பட்டது. அப்போது பிரிட்டனின் பிரதமர் கிளாட்ஸ்டன், தாராளவாதத்தின் திருவுருவம் என்று பெயரெடுத்தவர். அவருடைய சொந்த முதலீட்டில் கணிசமான பகுதி எகிப்தின் கடன் பத்திரங்களில் இருந்தது என்பதை இங்கே சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

தெல் அல்-கபீரில் பிரிட்டிஷ் படையோடு நின்றவர்களில் நம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் உண்டு. அடிமைப்பட்டவனை வைத்தே இன்னொருவனை அடிமைப்படுத்துவது பேரரசுகளின் பழைய சிக்கன நடவடிக்கை.

தோற்ற உராபியை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? இலங்கைக்கு. அவரோடு இன்னும் ஆறு பேர். 1883 ஜனவரியில் கொழும்பு வந்து இறங்கினார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கண்டியில் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கியிருந்தார். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'அசன்பேயுடைய கதை'யை 1885-இல் எழுதினாரே, அதே சித்தி லெப்பை. நாடு கடத்தப்பட்ட எகிப்தியரும் தமிழ் எழுத்தாளரும் அங்கே நண்பர்களானார்கள். கொழும்பில் 1892-இல் தொடங்கிப் பின்னர் சாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குப் பின்னால் இந்த இருவரின் தூண்டுதலும் இருந்தது. காட்டுமிராண்டி என்று முத்திரை குத்தி நாடு கடத்தப்பட்ட மனிதர், போன இடத்தில் பள்ளிக்கூடம் எழும்பத் துணை நின்றார். அவரை நாடு கடத்தியவர்கள் அவருடைய நாட்டுப் பள்ளிக்கூடங்களை என்ன செய்தார்கள் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

அந்த ஏழு பேரில் இன்னொருவர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி. உராபி போர் அமைச்சராக இருந்த ஆட்சியில் பிரதமர். அதைவிட முக்கியம், நவீன அரபுக் கவிதையின் மறுமலர்ச்சி இவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று அரபு இலக்கிய வரலாற்றில் சொல்வார்கள். ஒரு மொழியின் தலைசிறந்த கவிஞன் பதினேழு ஆண்டு தன் மொழி பேசும் மண்ணை விட்டு இலங்கையில் கிடந்தான். நம் பாரதி பத்தாண்டு பாண்டிச்சேரியில் கிடந்ததை எண்ணி உருகுகிறோமே, அவர்களுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்.

இனி பள்ளிக்கூடக் கதை. உராபியை வீழ்த்திய பின் எகிப்தின் உண்மையான ராஜா, 1883 முதல் 1907 வரை, ஈவ்லின் பேரிங் என்ற குரோமர் பிரபு. கல்கத்தாவில் நிதி உறுப்பினராக இருந்து கணக்குப் போட்டுப் பழகியவர். கடனை ஒழுங்காகக் கட்ட வைத்தார், நைல் பாசனத்தைச் சீர்செய்தார், பருத்தி விளைச்சலைப் பெருக்கினார். அவர் புகழ் பாடுவோர் இதையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதுவரை கட்டணமில்லாமல் நடந்த அரசுப் பள்ளிகளில் கட்டணம் வசூலிக்க வைத்தவரும் அவரே. கல்விக்கு ஒதுக்கியது கிள்ளுக்கீரை. இந்தியாவில் படித்தவர்கள் தேசியம் பேசுவதைக் கண்ணால் பார்த்தவர் அல்லவா, அந்தத் தவறை எகிப்தில் செய்யக்கூடாது என்று எச்சரிக்கையாக இருந்தார். கல்வித் துறைக்கு ஆலோசகராக அமர்ந்த டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காலத்தில் அரசுப் பள்ளிகளில் பாடமொழி ஆங்கிலமானது. அரபு பேசும் பிள்ளைக்கு, அரபு நாட்டில், கணக்கும் பூகோளமும் ஆங்கிலத்தில். தொடக்கப் பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். புரியாத மொழியில் பாடம் கேட்கும் குழந்தையின் கண் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பது. தெரிந்ததை அழித்துவிட்டால் அந்தக் குழந்தை எங்கிருந்து கிளம்பும்?

இதே குரோமர்தான் இஸ்லாம் பெண்களை இழிவுபடுத்துகிறது, அதனால்தான் எகிப்தியர் முன்னேறவில்லை என்று எழுதினார். பணி முடிந்து இங்கிலாந்து திரும்பியதும் என்ன செய்தார்? பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்று போராடிய ஆண்கள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் நான்காம் வகுப்பில் படித்தோம். அதை லண்டனிலும் பாடமாக வைத்திருக்கலாம்.

1906-இல் தின்ஷவாய் கிராமம். பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் புறா சுடப் போனார்கள். கிராமத்தார் வளர்த்த புறாக்கள். தகராறு வந்தது. அடிபட்டு ஓடிய ஓர் அதிகாரி வெயில் தாங்காமல் இறந்தார். அதற்குத் தண்டனையாக நான்கு கிராமத்தார் தூக்கிலிடப்பட்டார்கள், பலருக்குச் சாட்டையடி. சொந்த ஊரில், சொந்த மனைவி மக்கள் கண் முன்னால். சாட்டைதான் சரி என்று கைதட்டிய தம்பிகளே, அந்தச் சாட்டை யார் கையில் இருந்தது என்று பாருங்கள். தின்ஷவாய்க்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில்தான் சாத் ஸக்லூல் கல்வி அமைச்சரானார், பள்ளிகளுக்குள் அரபு மெல்லத் திரும்பி வந்தது. 1908-இல் மக்கள் நன்கொடை திரட்டி கெய்ரோவில் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள்.

இப்போது டமாஸ்கஸ் வருவோம். இந்தக் கதைதான் எனக்கு மிகவும் வலிக்கிற கதை. ஏனென்றால் இது பலருக்குத் தெரியவே தெரியாது.

முதல் உலகப்போரில் துருக்கியருக்கு எதிராகக் கிளம்பினால் உங்களுக்குச் சுதந்திர அரசு என்று மக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு எகிப்திலிருந்த பிரிட்டிஷ் ஆணையர் மக்மஹோன் கடிதம் கடிதமாக எழுதினார். 1916 மே மாதம், அதே பிரிட்டன் பிரான்சோடு உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டது. சைக்ஸ், பீக்கோ என்ற இரண்டு பேர் பெயரில் வழங்கும் ரகசிய ஒப்பந்தம். 1917 நவம்பர் 2 அன்று பால்ஃபர் கடிதம், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம். ஒரே நிலத்துக்கு மூன்று கிரயப் பத்திரம். எங்கள் ஊர்ப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இப்படிச் செய்தால் கம்பி எண்ண வேண்டும்.

ஆனாலும் அரபு மக்கள் சும்மா இருக்கவில்லை. இன்றைய சிரியா, லெபனான், பாலஸ்தீனப் பகுதிகளிலிருந்து பிரதிநிதிகள் 1919-இல் டமாஸ்கஸில் கூடினார்கள். சிரியப் பேரவை என்று பெயர். 1920 மார்ச் 8 அன்று சுதந்திரம் அறிவித்து, ஷரீஃபின் மகன் ஃபைசலை மன்னராக்கினார்கள். மன்னர்தான், ஆனால் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட மன்னர். அரசியலமைப்பும் எழுதினார்கள். எல்லாக் குடிமக்களுக்கும் சம உரிமை, சிறுபான்மையினருக்குப் பிரதிநிதித்துவம், சபைக்குப் பொறுப்பான அமைச்சரவை. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்று அந்தச் சபையில் விவாதம் நடந்தது. பிரான்ஸ் தன் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது எப்போது? 1944-இல். அந்தப் பேரவைக்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர் ரஷீத் ரிதா என்ற மார்க்க அறிஞர். ஒரு மௌலவி தலைமை தாங்கிய சபையில், கிறித்தவ உறுப்பினர்களும் அமர்ந்து, அரசியலமைப்பு எழுதினார்கள். இதைத்தான் ரத்தத்தில் ஜனநாயகம் இல்லை என்கிறீர்களா?

நான்கே மாதம். ஏப்ரலில் சான் ரெமோ என்ற இத்தாலிய ஊரில் வெற்றி பெற்ற வல்லரசுகள் கூடி, சிரியா பிரான்சுக்கு, ஈராக்கும் பாலஸ்தீனமும் பிரிட்டனுக்கு என்று பங்கு பிரித்தன. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மாண்டேட்'. சொந்தக் காலில் நிற்கத் தெரியாத மக்களுக்குப் பாதுகாவலர் என்று பொருள். அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய கிங், கிரேன் என்ற இருவர் ஊர் ஊராகப் போய் மக்களைக் கேட்டிருந்தார்கள். மக்கள் ஒன்றுபட்ட சுதந்திர நாட்டைக் கேட்கிறார்கள், பிரான்சை விரும்பவில்லை என்று அறிக்கையும் எழுதினார்கள். அந்த அறிக்கை 1922 வரை வெளியே வரவில்லை.

ஜூலை 14 அன்று பிரெஞ்சுத் தளபதி குரோ இறுதி எச்சரிக்கை விடுத்தார். பாஸ்டில் சிறையை உடைத்து, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்று பிரான்ஸ் கொண்டாடும் அதே ஜூலை 14. ஃபைசல் பணிந்து ஏற்றுக்கொண்ட பிறகும் படை நிற்கவில்லை. ஜூலை 24, மைசலூன் கணவாய். போர் அமைச்சர் யூசுஃப் அல்-அஸ்மா, வெல்ல முடியாது என்று தெரிந்தே, கையில் கிடைத்த படையோடு போய் நின்று உயிரை விட்டார். எதிரில் வந்த பிரெஞ்சுப் படையில் செனகல்காரர்களும் மொராக்கோக்காரர்களும் அல்ஜீரியர்களும் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் கதைதான், மொழி மட்டும் வேறு. மறுநாள் டமாஸ்கஸ் விழுந்தது. பேரவை கலைந்தது.

அதன் பிறகு பிரான்ஸ் செய்ததைக் கவனியுங்கள். டமாஸ்கஸ் ஒரு நாடு, அலெப்போ ஒரு நாடு, அலவி மக்களுக்கு ஒன்று, துரூஸ் மக்களுக்கு ஒன்று, மரோனியக் கிறித்தவர்களை மனதில் வைத்துப் பெரிய லெபனான் ஒன்று. ஒரே தோசையை ஐந்தாகப் பிய்த்தார்கள். உள்ளூர்ப் படைக்கு ஆள் எடுக்கும்போது சிறுபான்மையினரைப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். பிற்காலத்தில் சிரியாவில் பாராளுமன்றம் பலவீனமாகவும் ராணுவம் பலமாகவும் போனதற்கும், அந்த ராணுவத்தின் வழியாக அசாது குடும்பம் அரை நூற்றாண்டு உட்கார்ந்ததற்கும் வேர் இங்கேயும் இருக்கிறது. விடுதலைக்குச் சற்று முன்பு, 1945 மே 29 அன்று, டமாஸ்கஸ் பாராளுமன்றக் கட்டடத்தின் மீதே பிரெஞ்சுப் படை சுட்டது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. கட்டடத்தின் மீது. குண்டு.

1946-இல் பிரெஞ்சுக்காரர் போனார்கள். சிரியாவில் தேர்தல் நடந்தது, பாராளுமன்றம் கூடியது. சவூதி எண்ணெயை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோகும் 'டாப்லைன்' குழாயைத் தன் மண் வழியே விட அந்தப் பாராளுமன்றம் தயங்கியது. 1949 மார்ச் 30 அன்று ஹுஸ்னி அல்-ஸயீம் என்ற தளபதி ஆட்சியைப் பிடித்தார். அதற்கு முன்பே அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் அவரைப் பலமுறை சந்தித்திருந்தார். சில வாரங்களில் குழாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸயீமும் ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார், அதே ஆண்டில் மொத்தம் மூன்று ராணுவப் புரட்சிகள். குழாய் நிலைத்தது, குடியரசு நிலைக்கவில்லை.

ஈராக்கைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். முடிந்தவரை சுருக்குகிறேன். 1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்த தளபதி மாட், நாங்கள் வெற்றி கொள்ள வரவில்லை, விடுவிக்க வந்திருக்கிறோம் என்று மக்களுக்கு அறிக்கை விட்டார். அந்த அறிக்கையை எழுதிக் கொடுத்தவர் யார்? வரைபடத்தில் கோடு போட்ட அதே மார்க் சைக்ஸ். 1920-இல் ஈராக்கியர் கிளர்ந்தெழுந்தபோது பாக்தாதில் சுன்னிகளும் ஷியாக்களும் ஒருவர் பள்ளிவாசலில் மற்றவர் கூடி ஒன்றாகத் தொழுதார்கள், ஒன்றாகக் கூட்டம் போட்டார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகை என்று தொலைக்காட்சி நிபுணர்கள் சொல்கிறார்களே, அந்தப் பகை அன்று எங்கே போயிருந்தது? கிளர்ச்சியை அடக்கியதில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள், மேலே பிரிட்டிஷ் விமானங்கள். பல ஆயிரம் பேர் மாண்டார்கள். அன்றைய ஈராக்கின் செலாவணியும் நம் ரூபாய்தான். 1932 வரை அங்கே ரூபாய் ஓடியது. நாம் ஏதோ தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் என்று நினைக்க வேண்டாம்.

டமாஸ்கஸில் நாற்காலியை இழந்த ஃபைசலுக்கு பாக்தாதில் நாற்காலி போட்டார்கள். மக்கள் கருத்துக் கேட்டதில் நூற்றுக்கு 96 பேர் ஆதரவு என்றார்கள். போட்டியாக வரக்கூடியவர் பஸ்ராவைச் சேர்ந்த சையித் தாலிப், "ஈராக் ஈராக்கியருக்கே" என்றவர். பிரிட்டிஷ் ஆணையர் வீட்டுத் தேநீர் விருந்துக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது அவரைக் கைது செய்தார்கள். எங்கே அனுப்பினார்கள்? யூகித்திருப்பீர்கள். இலங்கைக்கு!

பூகோளம் நடத்தியவன் என்ற முறையில் சிறு இடைச்செருகல். எகிப்தின் சாத் ஸக்லூலை முதலில் மால்டாத் தீவுக்கு, பிறகு செஷல்ஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து 1924 தேர்தலில் அமோகமாக வென்றார். பஹ்ரைனில் சீர்திருத்தம் கேட்ட மூன்று தலைவர்களை 1956-இல் செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்பினார்கள், நெப்போலியனை வைத்த அதே தீவு. கண்டியின் கடைசி அரசனை இங்கே நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தது போலத்தான். தேர்தலில் தோற்கடிக்க முடியாதவனைத் தீவில் வை. பேரரசின் தீவுகளை வைத்தே அரபு ஜனநாயகத்தின் வரைபடத்தை வரைந்துவிடலாம்.

ஈராக்கின் எண்ணெய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1925 மார்ச் 14. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது மார்ச் 21. ஏழு நாள் முன்னதாக, கேள்வி கேட்க ஒரு பாராளுமன்றம் வரும் முன்பே, எழுபத்தைந்து ஆண்டுக்கு நாட்டின் எண்ணெய் அந்நியக் கம்பெனிக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு வரைக்கும்! நல்லவேளையாக 1972-இல் ஈராக் அதை நாட்டுடைமையாக்கியது.

இப்போது சிலர் கேட்பார்கள், "அப்போ சதாம் உசேன் உத்தமரா சார்?" கொலைகாரர். அவரை நான் எதற்கு உத்தமர் என்று சொல்ல வேண்டும்? ஆனால் ஈரானோடு அவர் போர் நடத்திக்கொண்டிருந்தபோது, 1983 டிசம்பரில், பாக்தாதுக்குப் போய் அவர் கையைக் குலுக்கியவர் பெயர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட். 1991-இல் சதாமை வீழ்த்துங்கள் என்று ஈராக் மக்களை உசுப்பிவிட்டு, அவர்கள் எழுந்தபோது சதாமின் ஹெலிகாப்டர்கள் சுட்டுத் தள்ளியதை வேடிக்கை பார்த்தது அமெரிக்கப் படை. பிறகு பன்னிரண்டு ஆண்டுப் பொருளாதாரத் தடை. ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலருக்கு இறங்கியது. ஆசிரியர்கள் வகுப்பை விட்டுவிட்டு டாக்ஸி ஓட்டினார்கள். ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000-இலும் இந்தக் கொடுமைக்கு உடன்பட மாட்டோம் என்று வேலையை உதறினார்கள். அடியை வாங்கியது சதாமா? அவர் மாளிகை கட்டிக்கொண்டிருந்தார்.

கெய்ரோ எழுதும், பெய்ரூட் அச்சிடும், பாக்தாத் படிக்கும் என்று அரபியில் ஒரு சொலவடை உண்டு. படிக்கும் அந்த ஊருக்கு 2003 ஏப்ரலில் என்ன நடந்தது? அமெரிக்கப் படை நகருக்குள் இருக்கும்போதே தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15,000 பொருட்கள் போயின. சுமேரியர், பாபிலோனியர், எழுத்து என்ற ஒன்றையே உலகுக்குத் தந்தவர்கள் விட்டுச்சென்றவை. தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் எரிந்தன. எண்ணெய் அமைச்சகத்தின் வாசலில் மட்டும் டாங்கி காவல் நின்றது. இதைப் பற்றிக் கேட்டதற்கு, இதெல்லாம் நடக்கிறதுதான் என்ற பாணியில் பதில் சொன்னார் அதே ரம்ஸ்ஃபெல்ட், இப்போது பாதுகாப்பு அமைச்சர். யாழ்ப்பாண நூலகம் எரிந்த செய்தியைக் கேட்டு அழுத தலைமுறை நம்முடையது. எரியும் நூலகத்தின் புகை எந்த ஊரிலும் ஒரே நாற்றம்தான்.

பிறகு மே மாதம் பிரெமர் என்ற நிர்வாகி போட்ட இரண்டு உத்தரவுகள். முதலாவது பாத் கட்சிக்காரர்களுக்கு அரசு வேலை கிடையாது என்பது. அந்த நாட்டில் ஆசிரியர் வேலையில் நிலைக்க வேண்டுமென்றால் கட்சி அட்டை வாங்கியாக வேண்டும் என்ற நிலை. வயிற்றுப்பாட்டுக்கு அட்டை வாங்கிய ஆயிரக்கணக்கான வாத்தியார்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டாவது ராணுவத்தைக் கலைத்தது. பல லட்சம் பேர், கையில் துப்பாக்கியோடும் வயிற்றில் பசியோடும். அவர்களில் சிலர் பின்னாளில் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை ஐ.எஸ். கும்பலின் தளபதிகள் பட்டியலில் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் விடக் கொடியது, என் கணக்கில், ஜூலையில் அமைத்த ஆட்சிக் குழு. இருபத்தைந்து பேர். ஷியா பதின்மூன்று, சுன்னி அரபு ஐந்து, குர்து ஐந்து, துருக்மேன் ஒன்று, அசிரியக் கிறித்தவர் ஒன்று. கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளரையும் அதில் சேர்த்தார்கள். எந்தக் கணக்கில் தெரியுமா? ஷியா கணக்கில்! வாழ்நாள் முழுக்க மதம் அரசியலில் வேண்டாம் என்ற மனிதருக்கும் நெற்றியில் சாதிச் சான்றிதழை ஒட்டிவிட்டார்கள். லெபனானில் பிரெஞ்சுக்காலத்து 1932 கணக்கெடுப்பை வைத்து, அதிபர் மரோனியர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்று 1943-இல் செய்துகொண்ட ஏற்பாடு இன்றுவரை அந்த நாட்டின் கழுத்தில் தொங்குகிறது. கணக்கு மாறினால் சண்டை வரும் என்று அதற்குப் பிறகு அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பே கிடையாது. அந்த அனுபவத்தைக் கண் முன்னால் வைத்துக்கொண்டே அதே விதையை பாக்தாதில் ஊன்றினார்கள். பிறகு சுன்னியும் ஷியாவும் தெருத்தெருவாக வெட்டிக்கொண்டபோது, "பார், ஆயிரத்து நானூறு ஆண்டுப் பகை" என்றார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். 2007 மார்ச் 5 அன்று, பாக்தாதின் புத்தகக் கடைத் தெருவான முத்தனபி தெருவில் கார் குண்டு வெடித்தது. கவிஞன் பெயர் சூட்டிய தெருவில் மனிதர்களும் புத்தகங்களும் சேர்ந்து எரிந்தன. குண்டு வைத்தவன் உள்ளூர்க்காரன்தான், அவன் பாவம் அவனுக்கு. ஆனால் அந்தத் தெருவுக்கு அவன் வந்து சேர்ந்த பாதையை யார் போட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஓட்டுப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 2006 ஜனவரியில் பாலஸ்தீனத்தில் தேர்தல் நடந்தது. ஜிம்மி கார்ட்டர் உட்பட வெளிநாட்டுப் பார்வையாளர்கள் ஒழுங்காக நடந்தது என்றார்கள். 132 இடங்களில் 74 ஹமாஸுக்கு. ஹமாஸின் அரசியல் எனக்கு உவப்பானது இல்லை, அதன் வழிமுறைகளும் இல்லை. ஆனால் தேர்தல் நடத்தச் சொன்னவர்களே முடிவு வந்ததும் உதவியை நிறுத்தினார்கள். இதிலிருந்து ஒரு பாலஸ்தீன இளைஞன் ஓட்டுப் பெட்டியைப் பற்றி என்ன பாடம் படித்திருப்பான்? 2013-இல் எகிப்தில் தேர்ந்தெடுத்த அதிபரை ராணுவம் தூக்கியபோது, ராணுவம் ஜனநாயகத்தை மீட்கிறது என்றார் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி. தேர்தலே நடத்தாத மன்னர்களோடு இவர்களுக்கு என்றைக்காவது சண்டை வந்திருக்கிறதா? பஹ்ரைனில் 2011-இல் மக்கள் முத்துச் சதுக்கத்தில் கூடினார்கள். சவூதிப் படை பாலம் வழியாக உள்ளே வந்தது, சதுக்கத்தின் நினைவுத்தூணையே இடித்துத் தள்ளினார்கள். அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படை அதே ஊரில் நங்கூரம் போட்டு நின்றது.

அரபு ஆட்சியாளர்கள் யோக்கியர்கள் என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். தம் மக்களைச் சிறையில் அழுகவிட்டவர்கள் அவர்கள். ஈரானும் ரஷ்யாவும் துருக்கியும் இன்று அதே நிலத்தில் தங்கள் பங்குக்கு ஆடுகின்றன, அவற்றையும் பேரரசுத் திமிர் என்றே சொல்வேன். நான் மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: அந்த மக்களுக்கு அடிமைப் புத்தி பிறவியிலேயே இருக்கிறது என்ற பேச்சை. அதே பேச்சை நம் தாத்தாக்களைப் பார்த்தும் சொன்னார்கள். இந்தியருக்கு ஆளத் தெரியாது, நாங்கள் போனால் அடித்துக்கொண்டு சாவார்கள் என்று. அந்தச் செய்திக்குக் கைதட்டும் விரல்கள், அடுத்த குண்டு விழும்போது "விழட்டும்" என்று சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கின்றன. எனக்குக் கவலை அதுதான்.

கைதட்டிய தம்பிகள் ஒன்று செய்யுங்கள். 2019 அக்டோபரில் பாக்தாதின் தஹ்ரீர் சதுக்கத்தில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 2003-க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள். ஷியாப் பெரும்பான்மை ஊர்களின் இளைஞர்கள், ஷியாக் கட்சிகள் ஆளும் அரசை எதிர்த்து, எங்களுக்கு இந்தப் பங்கீடு வேண்டாம் என்று திரண்டார்கள். அவர்களின் முழக்கம் "எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்" என்பது. அறுநூறு பேர் வரை சுட்டுக் கொல்லப்பட்டார்கள், பிரதமர் பதவி விலகினார். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாத இடங்களிலிருந்து அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவை மூன்று சக்கர டுக்டுக் வண்டிகள், நம்ம ஊர் ஆட்டோதான். ஓட்டியவர்கள் நகரின் மிக ஏழைப் பையன்கள், பலர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள். சதுக்கத்தில் கூடியவர்கள் தங்களுக்கென ஒரு பத்திரிகை அச்சடித்து விநியோகித்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'டுக்டுக்'.